சூசை ‘புட்’ படித்த கதை

இங்கிலீஷில் ‘புட்’ என்று ஒரு சொல் இருக்கிறது. நம்ம பாஷையில் ‘போடு’. இந்தப் போடு என்ற சொல்லை வைத்துக்கொண்டு ராஜபாளையத்து ஜனங்கள் காலம் காலமாகச் சோறு போட்டார்கள், சண்டை போட்டார்கள், போன் போட்டார்கள், பிள்ளைகளுக்குச் சட்டை போட்டுவிட்டார்கள். கட்சிக்காரர்களுக்கு ஓட்டுப் போட்டார்கள். அவர்கள் திருப்பி நாமம் போட்டார்கள். இதற்காக ஒருத்தரும் எந்தப் பள்ளிக்கூடத்து வாசலிலும் போய் நின்றதில்லை. ஆனால் இங்கிலீஷ்காரனுடைய போடு அப்படிச் சும்மா வந்துவிடுமா? அதற்கு ஒரு நிறுவனம் வேண்டாமா? இயக்குநர் வேண்டாமா? துறைத் தலைவர்களும் அவர்களுக்குச் சுழல் நாற்காலிகளும் வேண்டாமா?

அப்படி உண்டானதுதான் ‘ஒன் வெர்ப் அகாடமி’. மூடிப்போன ஒரு நூல் மில்லின் குடோனில் இயங்கியது. வகுப்பெல்லாம் ராஜபாளையத்தில், பரீட்சை மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூரில். பஸ்ஸில் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போடுவதற்குள் வந்துவிடுகிற ஊருக்கு எதற்கு இந்த அலைச்சல் என்று கேட்கலாம். சொல்லிக்கொடுத்தவரே பரீட்சையும் வைத்தால் மாணவர் பாஸாகிவிடும் அபாயம் இருக்கிறது என்பது இயக்குநரின் கருத்து.

அந்த அகாடமியில் போய்ச் சேர்ந்தவர் சூசை. மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்க மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பேசியே பழகிய மனுஷர். மனைவி அமிர்தவல்லி இறந்த பிறகு, கத்த வேண்டாம், சும்மா பேசுவதற்குக்கூட வீட்டில் ஆளில்லை. காலையில் குக்கர் சத்தம் போடும். பத்து மணிவாக்கில் தெருவில் மீன்காரர் சத்தம் போடுவார். அதோடு சரி. சில நாள் மீன் வேண்டாவிட்டாலும் வாசலுக்கு வந்து விலை கேட்பார்.

ஒரே மகன் மெல்வின், மனைவி ஷெரினோடு கனடாவில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து சூசை வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும் நேரத்துக்கு வீடியோவில் கூப்பிடுவான். ஒருநாள் அவனே பேச்சை எடுத்தான்.

“அப்பா, பேசாம இங்க வந்துருங்க. ஆனா நான் வேலைக்குப் போயிட்டா பகல் பூரா நீங்களும் ஷெரினும்தான். அவ இங்கயே பொறந்து வளர்ந்தவ. தமிழ் ஒரு வார்த்தை வராது. கொஞ்சம் இங்கிலீஷ் பழகிட்டு வந்தீங்கன்னா உங்களுக்குப் பேச்சுத் துணை ஆச்சு.”

பேச்சுத் துணை என்று மகன் சொன்னதுமே சூசை தலையாட்டிவிட்டார். இங்கிலீஷ் என்ன, சீனம் படிக்கச் சொல்லியிருந்தாலும் படித்திருப்பார். மெல்வினே வலையில் தேடி இந்த அகாடமியைக் கண்டுபிடித்து, கட்ட வேண்டியதையும் கட்டிவிட்டான்.

முதல் நாள் இயக்குநர் லிங்கேஸ்வரன் வரவேற்புரை ஆற்றினார். அவர் முன்பு மில்களில் தொழிலாளர் நல அதிகாரியாக இருந்தவர். அந்தப் பழக்கத்தில் வகுப்பு தொடங்கவும் முடியவும் மில் சங்கையே ஊதவைத்தார். சங்கு ஓய்ந்ததும் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“மத்த இடத்துல எல்லாம் மூணு மாசத்துல இங்கிலீஷ் பேச வைக்கோம்னு ஏமாத்துவாங்க. நாங்க ஏமாத்த மாட்டோம். நாங்க ஒரே ஒரு வினைச்சொல்லைத்தான் சொல்லிக் கொடுப்போம். அதையும் முடிக்க மாட்டோம். கடலைக் குடிச்சு முடிக்க முடியுமா? எங்க முதல் பேட்ச் மாணவர்கள் இன்னைக்கு வரைக்கும் எங்களோடதான் இருக்காங்க. ஒருத்தர்கூட வெளிய போகல. ஒரு கல்வி நிறுவனத்துக்கு இதைவிட என்ன பெருமை வேணும்?”

கடைசி வரிசையில் முதல் பேட்ச் எழுந்து நின்று வணங்கியது. அதில் ஒருவரைப் பக்கத்திலிருந்தவர் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

சூசை மெதுவாக எழுந்தார். “சார், வா, போ, சாப்பிட்டியா, நல்லா இருக்கியா, இதெல்லாம் எப்ப வரும்?”

“அதெல்லாம் வேற வினை. அதுக்கு இன்னும் கட்டடம் கட்டல,” என்றார் இயக்குநர்.

‘புட்’டுக்குப் பின்னால் ஒரு சிறு சொல்லை ஒட்டினால் அர்த்தம் தலைகீழாக மாறிவிடும். ‘புட் ஆன்’ என்றால் உடுத்திக்கொள்வது. ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடுவது. ‘புட் அவுட்’ என்றால் அணைப்பது. ‘புட் அப் வித்’ என்றால் சகித்துக்கொள்வது. அகாடமியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை, ஒரு அறை, கதவில் ஒரு பெயர்ப்பலகை. ஆஃப் துறைத் தலைவர் இருளப்பசாமிக்கும் ஆன் துறைத் தலைவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு துறையில் படிப்பவர் அடுத்த துறைக்குப் போக வேண்டுமென்றால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் மற்றவர் லீவு போட்டுவிடுவார்.

ஆன் துறையில் செய்முறை வகுப்புக்கென்று ஒரு கம்பளிக் கோட்டு இருந்தது. சூசை அதை உடுத்திக்கொண்டு, “ஐ புட் ஆன் த கோட்,” என்று பிழையில்லாமல் சொன்னார். சபாஷ் என்றார்கள். சங்கு ஊதியது. சூசை கோட்டைக் கழற்றப் போனார்.

“நிறுத்துங்க, நிறுத்துங்க,” என்று துறைத் தலைவர் பதறினார். “கழற்றுறது ‘டேக்’. அந்த வினைக்கு நமக்கு அனுமதி இல்லை. வளாகத்துக்குள்ள அங்கீகாரம் இல்லாத வினையை யாரும் செய்யக் கூடாது.”

“வெளிய போய்க் கழத்திக்கிடவா சார்?”

“கோட்டு அகாடமி சொத்து. அதுக்கு வெளியவும் அதே விதிதான்.”

சித்திரை மாசத்து வெயிலில் கம்பளிக் கோட்டோடு டவுன் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார் சூசை. பக்கத்துச் சீட்டுக்காரர், “எந்த ஊர்ல கல்யாணம் அண்ணாச்சி?” என்று கேட்டார். ஒரு மனுஷர் தானாக வந்து பேசுகிறாரே என்ற சந்தோஷத்தில் சூசையும், “சிவகாசியில,” என்று சொல்லி, இல்லாத மாப்பிள்ளையின் உத்தியோகம் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார். அன்று அவருக்கு நல்ல நாள்.

கோட்டைக்கூடச் சகித்துக்கொண்டுவிடலாம். சகிக்க முடியாதது டீ நேரம். வளாகத்தில் தமிழ் கூடாது. இங்கிலீஷிலும், அவரவர் முடித்த அர்த்தத்தில் மட்டும்தான் பேசலாம். மீறினால் ஒரு அர்த்தம் பின்னுக்கு இறக்கிவிடுவார்கள். ஆக, சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து, வீட்டில் பேச ஆளில்லாமல் கிளம்பி வந்த அத்தனை பேரும் ஒரே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, சொல்வதற்கு ஆயிரம் இருந்தும், வாயைத் திறக்காமல் டீ குடித்தார்கள். உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்கும். இப்படி ஒரு தனிமையை வீட்டிலிருந்தே அனுபவிக்கலாமே, இதற்குப் பஸ் வேறு எதற்கு என்று சூசைக்குத் தோன்றும். ஆனாலும் மறுநாள் கிளம்பிவிடுவார். பெஞ்சில் பக்கத்தில் ஒரு ஆள் மூச்சு விடுவதும் ஒரு துணைதான்.

பக்கத்தில் உட்காருபவர் பெரும்பாலும் வெள்ளத்தாய். மகாராஜபுரத்தில் தென்னந்தோப்பு வைத்து விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டு அம்மாள். புருஷன் காலமாகிவிட்டார். மகள் மாரிச்செல்வி சிட்னியில். அந்த அம்மாள் சூசைக்கு முந்தியே சேர்ந்தவர். இன்னும் ஆன் துறையைத் தாண்டவில்லை. ஒருநாள் அவித்த கடலைப் பொட்டலத்தைப் பிரித்து, சூசையின் பக்கம் தள்ளி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “புட்,” என்றார்.

சூசை வாயைக் காட்டி, “புட் இன்?” என்றார்.

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு எந்த வினையில் சேரும் என்பதை அகாடமி அதுவரை யோசித்திருக்கவில்லை. மறுநாளே சுற்றறிக்கை வந்தது: அங்கீகரிக்கப்படாத சிரிப்புக்கும் ஒரு அர்த்தம் இறக்கம்.

வாசலுக்கு வெளியே பேசலாம்தான். ஆனால் அந்த அம்மாளுடைய பஸ் வடக்கே, இவருடைய டவுன் பஸ் தெற்கே. இரண்டும் ஒரே நேரத்துக்கு வந்து தொலையும். ஒரே ஒருநாள் வடக்குப் பஸ் தாமதமானது. செத்த நேரம் கிடைத்தது.

“அண்ணாச்சி, எம்மவ வாராவாரம் கேக்கா, எம்மா எப்ப முடிப்பே, எப்ப வருவேன்னு. நானும் முடிக்கேன் முடிக்கேன்னுதான் சொல்லுதேன். இந்த மண்டையில ஏற மாட்டேங்குதே. அவ எனக்காக ரூம்பெல்லாம் ஒதுக்கி வச்சிருக்காளாம்.”

“ஏறும் தாயி. எனக்கே ஏறுதுன்னா பாத்துக்கிடுங்க.”

“ஒங்க மவன் என்ன சொல்லுதாவ?”

“அவனுக்கு நான் எப்ப வருவேன்னுதான் இருக்கு,” என்றார் சூசை. சொல்லும்போது அவருக்குப் பெருமையாக இருந்தது. பஸ் வந்துவிட்டது.

ஆனி மாசத்தில் சூசைக்குப் பரீட்சை வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மையத்தில் தேர்வாளர் ஹரிகிருஷ்ணன் ஒரு தகர டின்னில் பழைய பேப்பரைப் போட்டுக் கொளுத்தினார். மாணவர் அதை ‘புட் அவுட்’ செய்ய வேண்டும். விதிப்படி முதலில் வாக்கியத்தை எழுதிக் காட்ட வேண்டும். தேர்வாளர் ஒப்புதல் முத்திரை குத்துவார். அதன் பிறகுதான் தண்ணீர்.

சூசை எழுதினார். தேர்வாளர் முத்திரையைத் தேடினார். மேஜையில் இல்லை, பீரோவில் இல்லை. அதற்குள் தீ ஜன்னல் திரையைப் பிடித்து, அங்கிருந்து சுவரில் இருந்த இயக்குநரின் பேனருக்குத் தாவியது. படத்தில் மீசை வரைக்கும் எரிந்துவிட்டது.

“சார், ஊத்திரவா?” என்றார் சூசை.

“தமிழ் பேசாதீங்க. மைனஸ் ஆயிரும்,” என்றார் ஹரிகிருஷ்ணன், பீரோவுக்குள் தலையை விட்டபடி.

சூசை குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கி ஊற்றி, “ஐ புட் அவுட் த ஃபயர், சார்!” என்று மில்லில் கத்துவது போலக் கத்தினார். தீ அணைந்தது. ஹரிகிருஷ்ணன் வெளியே வந்து, நனைந்த தாளையும் சூசையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வாக்கியமும் சரி, செயலும் சரி. நீங்க பாஸ் போலத் தெரியுதே,” என்றார். சொல்லிவிட்டுத் திருதிருவென்று விழித்தார். அந்த மையத்தில் அப்படி ஒன்று அதுவரை நடந்ததில்லை; பாஸானவரை என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ராஜபாளையத்துக்குப் போன் போட்டு வராந்தாவில் வெகுநேரம் பேசினார். சூசை பெஞ்சில் உட்கார்ந்து, விமானத்தில் கால் நீட்ட இடம் இருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

ஹரிகிருஷ்ணன் திரும்பி வந்து, “மன்னிக்கணும். ‘புட்’டுக்குப் புதுசா இன்னும் சில அர்த்தங்கள் சேர்ந்திருக்காம். உங்க தேர்ச்சி நிலுவையில் வைக்கப்பட்டிருக்கு,” என்றார்.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோதே சூசை ஒரு டப்பா பால்கோவா வாங்கி வைத்திருந்தார். பாஸானால் கொடுக்கலாமே என்று. யாருக்கு என்பதை வாங்கும்போது யோசிக்கவில்லை. இப்போது பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அவரே கொஞ்சம் தின்றார். இனிப்பாகத்தான் இருந்தது. அந்த வாரம் மெல்வினிடம் விஷயத்தைச் சொன்னபோது அவன், “பரவாயில்லப்பா, அவசரமே இல்ல. நல்லாப் படிங்க,” என்று சட்டென்று சொன்னான். பிள்ளைக்கு எம்புட்டுப் பொறுமை என்று இவர் நினைத்துக்கொண்டார்.

ஆவணியில் ஆண்டு விழா. மும்பையிலிருந்து ஒரு பெரிய முதலீட்டாளர் வந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. எனவே இயக்குநர் இங்கிலீஷில் பேசினார். அகாடமியில் யாருக்கும் இங்கிலீஷ் தெரிந்துவிட்டிருக்காது என்ற நம்பிக்கை, அதை நடத்துகிறவருக்கு இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும்? ஆகவே மனசைத் திறந்து பேசினார்.

சூசைக்கு அந்தப் பேச்சு விளங்கும் என்று சூசையே எதிர்பார்க்கவில்லை. ஃபாதர், மதர், சன், டாட்டர், ஃபாரின், விசா இதெல்லாம் ராஜபாளையத்தில் தமிழ்தான். மிச்சத்துக்கெல்லாம் இயக்குநர் பழக்க தோஷத்தில் ‘புட்’டையே போட்டார். அதில் சூசைக்குத் தெரியாத மூலை கிடையாது.

“நாம விக்கிறது இங்கிலீஷ் இல்ல சார்,” என்பது இயக்குநர் சொன்னதன் சாரம். “ஃபாரின்ல இருக்கிற எந்தப் பிள்ளையும் அப்பா அம்மாகிட்ட வராதீங்கன்னு சொல்லாது. நல்ல பிள்ளைங்க. அவங்களுக்கு வேண்டியது ‘புட் ஆஃப்’.”

தள்ளிப்போடுவது. சூசைக்கு விளங்கியது.

“அதுக்கு மரியாதையான ஒரு காரணம் வேணும். அதை நாங்க ‘புட் டுகெதர்’.”

சேர்த்துக் கட்டிக்கொடுப்பது. விளங்கியது.

“பெத்தவங்க எங்களை ‘புட் அப் வித்’. பிள்ளைங்க மனசு ‘புட் அட் ரெஸ்ட்’. ஒரு குடும்பத்துலயும் சண்டை இல்ல, அழுகை இல்ல. இந்த நாட்டுல எத்தனை பெத்தவங்க இருக்காங்க, யோசிச்சுப் பாருங்க சார், என்ன ஒரு மார்க்கெட்!”

முதலீட்டாளர் தலையை ஆட்டினார். இயக்குநருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. “உதாரணத்துக்கு ஒருத்தரைக் காட்டுறேன். மிஸ்டர் சூசை, ஸ்டாண்ட் அப்!”

சூசை எழுந்து நின்று, சொல்லிக்கொடுத்தபடி கைகூப்பிச் சிரித்தார்.

“திஸ் மேன், ஜூன் மன்த்ல பாஸ். எக்ஸாமினர் போன் பண்றார். நான் கனடாவுக்குப் பேசினேன். இவர் சன் என்ன சொன்னார் தெரியுமா? ‘ப்ளீஸ் சார், புட் இட் ஆஃப்.’ உடனே நாங்க புது மீனிங் ‘புட் இன்’. லுக் அட் ஹிஸ் ஃபேஸ், சார். எவ்வளவு ஹேப்பி!”

முதலீட்டாளர் கை தட்டினார். அதைப் பார்த்து அரங்கமே தட்டியது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. நம்ம சூசையைப் பாராட்டுகிறார்கள் என்று மட்டும் புரிந்தது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியது வெள்ளத்தாய். சூசை சிரித்தபடியே நின்றார். அந்தச் சிரிப்பை எங்கே இறக்கிப் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. உட்காரச் சொல்லும்வரை அப்படியே நின்றார்.

விழா முடிந்து வாசலில் வெள்ளத்தாய் வந்து பிடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, ஒங்களைப் பத்தி எம்புட்டுப் பேசுதாவ! என்னதான் சொன்னாவ?”

“நல்லாப் படிக்கேன்னு சொன்னாரு.”

“ஃபாதரு, மதரு, டாட்டருன்னு பொதுவாவும் என்னமோ சொன்ன மாதிரி இருந்துச்சே?”

சூசை அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார். ரூம்பு ஒதுக்கி வைத்திருக்கிறாள் என்று சொன்ன முகம். “பிள்ளைகள்லாம் நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காம். அதைத்தான் சொன்னாரு தாயி,” என்றார். வடக்குப் பஸ் வந்தது. வெள்ளத்தாய் ஓடிப்போய் ஏறி, ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்த சூசைக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் அந்த வீட்டில் அதுவாவது ஒரு துணையாக இருந்திருக்கும். வலித்தது, அவ்வளவுதான். மெல்வின் சின்ன வயசிலிருந்தே முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லத் தெரியாத பையன். பிடிக்காத கறியைக்கூட இலைக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு, நல்லா இருக்கும்மா என்பான். அங்கே அவனுக்கு என்ன நெருக்கடியோ, வேலையில் என்ன தொல்லையோ. வராதீங்கப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் தாங்கியிருப்போமா என்று யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் போன் வந்தது. மெல்வின் திரையில் தெரிந்தான்.

“அப்பா, சாப்பிட்டீங்களா? படிப்பு எப்படிப் போகுது?”

“போகுதுய்யா,” என்றார் சூசை.

அப்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து போனை வாங்கியது. ஷெரின். எப்போதும் ‘ஹாய் அப்பா’ என்று கையசைத்துவிட்டுப் போகிறவள், இன்று போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அவருக்குப் புரியட்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி இங்கிலீஷில் பேசினாள். கீழ் அறையைச் சுத்தம் செய்து பெயின்ட் அடித்து எவ்வளவோ நாளாயிற்று. பகலெல்லாம் நான் ஒருத்திதான் வீட்டில் இருக்கிறேன். நீங்கள் வந்தால் எனக்கும் நல்லது. ஆனால் மெல்வின் சொல்கிறான், உங்களுக்கு வர விருப்பமில்லை என்று. அது நிஜமா அப்பா?

சூசைக்கு அவ்வளவும் விளங்கியது. ரூம், பெயின்ட், ஹோம், கம், இதெல்லாமும் ராஜபாளையத்தில் தமிழ்தான்; மிச்சத்தை அவள் முகமே சொன்னது.

ஷெரினின் தோளுக்குப் பின்னால் மெல்வின் தெரிந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அவனும் அப்பாவையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். தள்ளிப்போட்டது யார் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சூசைக்கு அந்த வாக்கியம் சுத்தமாகத் தெரியும். சொன்னால் அடுத்த மாசமே அந்தக் கீழ் அறையில் உட்கார்ந்து, பகலெல்லாம் ஒரு மனுஷியோடு பேசிக்கொண்டிருக்கலாம். மகனால்தான் அந்த வீட்டில் தலை நிமிர முடியாது.

சூசை தொண்டையைச் செருமிக்கொண்டார். மருமகளிடம் அவர் பேசிய முதல் இங்கிலீஷ் அதுதான்.

“நோ மா. மெல்வின் ஆஸ்க்டு மி மெனி டைம்ஸ். ஐ புட் இட் ஆஃப். ஒன்லி ஐ.”

ஷெரின் ஒரு நிமிஷம் வாடிப்போனாள். பிறகு கண்ணை அகல விரித்து, “அப்பா! யுவர் இங்கிலீஷ் இஸ் சோ குட்!” என்று கையைத் தட்டினாள். மெல்வின் திரையை விட்டு நகர்ந்து போய்விட்டான்.

சூசை, “தேங்க்யூ மா,” என்றார்.